எஞ்சினுக்கு முன்னால் உப்பு

ராமேசுவரம் தீவின் கோடியிலிருக்கும் அரிச்சல்முனைக்குத் தார்ச் சாலை திறந்தது 2017-இல். அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான், நடுநடுவே கணுக்கால் அளவு கடல் தண்ணீர். பழைய தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப் போனவை நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்களும் வேன்களும். சாலை வந்தபின் அவற்றுக்கு வேலை குறைந்தது. உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் நிற்பதும் அப்படி ஓய்ந்த வண்டிதான். மஹிந்திரா எம்எம் 540, பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் உரிமத்தில் செய்த 2112 சிசி டீசல் எஞ்சின். எஞ்சின் புகை கக்கி, காற்றை இறுக்கி அழுத்தும் கம்ப்ரஷனை இழந்திருந்தது.

இதை மறுபடி ஓட வைக்கப் போகிறேன் என்றதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன எஞ்சின் வைக்கப் போறீங்க?" நானும் அங்கேதான் தொடங்கினேன். பழைய ஜீப்களிலேயே காலம் கழித்த மெக்கானிக் ஒருவர் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, கீழே குனிந்து, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, எஞ்சின் எங்கயும் கிடைக்கும். அத மாட்ட இரும்பு இருக்கா, அதப் பாரு" என்றார். இரண்டு வருடம் வேலை செய்தபின் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிகிறது. கடலோரத்தில் ஜீப் கட்டுகிறவர் முதலில் படிக்க வேண்டியது உப்பை. எஞ்சின் கடைசி.

ஏன் எஞ்சின் கடைசி? ஒரு சின்னக் கணக்கு போதும்.

இந்த ஜீப்களுக்கெல்லாம் மூதாதை 1941-இல் வந்த வில்லிஸ் எம்பி. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார் இதைவிட அதிகம் தரும். அந்த எஞ்சினின் முறுக்கு விசை, அதாவது தண்டைத் திருப்பும் பலம், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுமார் 140 நியூட்டன் மீட்டர். அதே குடும்பத்தில் பின்னால் வந்த சிஜே-3பி ஜீப்பின் பல்சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 2.8 மடங்கு. இழுப்பை இரண்டு அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ, அதாவது மெதுவான பல், போட்டால் 2.46 மடங்கு. அச்சின் நடுவிலிருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் அந்த அளவு குறைய, முறுக்கு விசை அந்த அளவு கூடும். 140-ஐ 37-ஆல் பெருக்கினால் 5,180 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்று வைத்தால், டயர் தரையைத் தள்ளும் விசை, பல்சக்கர உராய்வில் போவதைக் கழிக்காமல், ஏறக்குறைய 1,460 கிலோ எடைக்குச் சமம்.

வண்டியின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! உலர்ந்த மணல் சரியாமல் தாங்குவதோ வண்டி எடையில் பாதிக்குச் சற்று மேலே. அதாவது 1941-இன் 60 குதிரைத்திறனே மணல் தாங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளத் தயாராக இருக்கிறது. மணலில் ஜீப் புதைவது சக்திப் பற்றாக்குறையால் அல்ல. பெரிய எஞ்சின் வைத்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று தனக்குத்தானே குழி தோண்டும், அவ்வளவுதான். மணலுக்கு வேண்டியது ஆயிரம் சுற்றிலேயே திணறாமல், நிதானமாக இழுக்கும் எஞ்சின். இந்தக் கியரில் ஆயிரம் சுற்றுக்கு வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவாக, ஆள் நடக்கிற வேகத்தில் ஊரும்.

மீதி வேலை டயருடையது. ஆளோடு வண்டி 1,400 கிலோ என்றால் ஒரு டயர் மேல் 350 கிலோ. டயரில் 28 பவுண்டு காற்று இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் தாங்குவது சுமார் 2 கிலோ. ஆகவே தரையில் பதியும் பரப்பு 175 சதுர சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் உள்ளங்கை. காற்றை 14 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு இரட்டிக்கும். டயர்ச் சுவரின் விறைப்பால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் மணல் ஓட்டுநர்கள் வால்வில் குச்சியை அழுத்திக் காற்றை விடுவதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான்.

சரி, உப்புக்கு வருகிறேன்.

கடல் நீரில் சுமார் மூன்றரை சதவீதம் உப்பு. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு வந்து இரும்பில் படிகின்றன. வெயில் அடித்ததும் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். காய்வதில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. கடலோர இரும்பு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் போர்வையை இரவும் பகலும் போர்த்திக்கொண்டு நிற்கிறது. காரைக்குடியிலிருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்ததற்கும் அரிப்புதான் காரணம்.

துரு என்பது ஒரு வகையில் மின்கலம். இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலெக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகின்றன. இன்னோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே மின்சுற்றை முடித்துவைப்பது உப்புநீர். இதில் விஷமமான சங்கதி என்னவென்றால், ஆக்சிஜன் குறைந்த இடம்தான் கரையும் இடம். இரண்டு தகடு சேரும் இடுக்கு, வாஷருக்கு அடி, மணல் அடைந்த மூலை, இங்கெல்லாம் ஆக்சிஜன் உள்ளே எட்டாது. அந்த இடம் கரைய ஆரம்பித்ததும் குளோரைடு அயனிகள் உள்ளே ஈர்க்கப்பட்டு அமிலத்தன்மை கூடும், கரைவது இன்னும் வேகமாகும். உண்டாகும் துரு, அழிந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஆப்பு வைத்ததுபோலத் தகடுகளைப் பிரித்து, புதிய இடுக்கை உண்டாக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே சேசிஸ் தாள்போல ஆகியிருக்கும். மெக்கானிக் சுத்தியலால் தட்டியது அதற்குத்தான். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். எங்கள் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் தொங்கட்டானுக்கு மேலே தட்டியபோது சத்தம் மட்கிப் போனது. இரண்டாவது அடியில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. உள்ளேயிருந்து ஈர மணல் கொட்டியது.

அந்தப் பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். சின்ன உதிரிகளின் துருவை எடுக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் நெகடிவ்வில் மாட்டி, பழைய இரும்புத் துண்டு ஒன்றைப் பாசிடிவ்வில் மாட்டி முக்க வேண்டும். துரு உண்டானபோது இரும்பு இழந்த எலெக்ட்ரானை இப்போது சார்ஜர் திருப்பித் தருகிறது. துரு கறுத்துப் பொருபொருவென்றாகி, கம்பி பிரஷ்ஷுக்கு வந்துவிடும். ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. பாசிடிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகி நீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும்.

பெயின்ட்டில் நான் ஒரு தவறு செய்தேன். துருவைச் சுரண்டி, ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவி, காயவைத்து ரெட் ஆக்சைடு அடித்தேன். ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஊசியால் குத்தினால் ஒரு துளி தண்ணீர். பெயின்ட் படலம் நீராவியை மெல்ல உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே இழுக்கப்பட்டுக் கொப்புளமாகும். எங்கள் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவுகிறேன் என்று உப்பையே பூசியிருக்கிறேன். காவிரிக் குடிநீரைப் பெயின்ட் வேலைக்குக் கொட்ட மனம் வரவில்லை. வாடைக்காற்றுக் காலம் வரும்வரை காத்திருந்து, கூரையில் முதல் மழை தூசியைக் கழுவிப் போனபின் டிரம்மில் மழைநீர் பிடித்து, அதில் மூன்று முறை கழுவினேன். அதற்குப் பிறகு அடித்த துத்தநாக ப்ரைமர் இன்றுவரை அசையவில்லை. இரும்பைவிடத் துத்தநாகம் எலெக்ட்ரானை எளிதில் விட்டுவிடும். கீறல் விழுந்தாலும் முதலில் கரைவது அதுதான்.

எஞ்சினுக்கு நான் தேர்ந்தெடுத்தது மஹிந்திராவின் 2523 சிசி எம்டிஐ டீசல், ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்தது. டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக அழுத்தினால் அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டும், தெளித்த டீசல் தானே பற்றும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் உப்பு ஏறிப் பொறி கசியும் தொல்லை இதில் இல்லை. பழைய பெஜோ எஞ்சினில் டீசல் முதலில் தலைப்பகுதியில் ஒரு சிற்றறையில் எரிந்து, பிறகு பிஸ்டன் மேல் பாயும். அறைச்சுவர் சூட்டைத் தின்றுவிடுவதால் ஸ்டார்ட் பண்ண ஹீட்டர் பிளக் வேண்டும். எம்டிஐ-யில் டீசல் நேரே பிஸ்டன் தலைக் குழிக்குள் தெளிக்கப்படுகிறது. சூடு வீணாவது குறைவு, எரிபொருளும் மிச்சம்.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்ப்பதுதான் நுணுக்கமான வேலை. கியர் பாக்ஸின் உள்வரும் தண்டின் மூக்கு, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்னால் ஒரு சிறு புஷ்ஷுக்குள் உட்காரும். இரண்டு தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விலகினால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒரு முறை வளைந்து நிமிரும். புஷ் தேயும், ஓடும்போதே கியர் நழுவி வெளியே வரும். நடுவே வைக்கும் பிளேட்டை ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் செய்தேன். அந்த மேஸ்திரி எஞ்சினையும் கொண்டுவரச் சொன்னார். பிளேட்டையும் கியர் பாக்ஸ் பூட்டும் ஹவுசிங் கூட்டையும் மாட்டி, கிராங்கோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் நுண்ணளவு காட்டும் டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்டவைத்து, அதன் முள்ளை ஹவுசிங் துளையின் உள்விளிம்பில் தொடவைத்து, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினார். முள் 60-க்குப் போய்த் திரும்பியது, 0.6 மில்லிமீட்டர். "இதுல பாதிதான் விலகல் அண்ணே, முப்பது" என்றார். மையம் 0.3 விலகினால் ஒரு பக்கம் அவ்வளவு நெருங்கும், எதிர்ப்பக்கம் அவ்வளவு தள்ளும், முள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஹவுசிங்கின் இடத்தை நிறுத்தும் பின்களை நகர்த்தி, மறுபடி திருப்பி, முள் 12-க்குள் அடங்கும்வரை விடவில்லை. அரை நாள் ஆனது. இதுவரை கியர் ஒரு தடவைகூட நழுவவில்லை.

எஞ்சின் மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு அது. புது எஞ்சின் எண் ஆர்சி புத்தகத்தில் ஏறாமல் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுப்பையும் போடாதீர்கள். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டம் போகும். டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. மணலில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் சறுக்க முடியாமல் முறுக்கு பல்சக்கரங்களில் ஏறும்.

ஓட்டிப் பார்க்கக் கடற்கரைக்குப் போகவில்லை. தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும், அந்த மணலில் டயர் படவே கூடாது. எங்கள் பனங்காட்டிலேயே மணல் நிறைய. 14 பவுண்டு காற்று, லோ, முதல் கியர். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை. ஜீப் ஒரு பனையிலிருந்து அடுத்த பனைக்கு நடந்தே போனது. வீடு திரும்பி, டிரம்மிலிருந்த மழைநீரால் அடிப்பகுதியைக் கழுவினேன். சேசிஸில் புதிதாகப் போட்ட வடிகால் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுக் குத்தினேன். கடைசி ஓட்டையிலிருந்து ஒரு பிடி மணல் விழுந்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர்.