பியர் ஹெட் நிலையத்தை அரித்த துரு

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மெர்சி ஆற்றின் படகுத்துறைக்கு அருகே பியர் ஹெட் என்றொரு ரயில் நிலையம் இருந்தது. அது நின்றது தரையில் அல்ல, சாலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது. அக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கியவர்கள் படியேறி, அங்கே ரயில் பிடித்துக் கப்பல்துறை வேலைக்குப் போனார்கள். 1893இல் திறக்கப்பட்ட அந்த உயர்த்தப்பட்ட ரயில்பாதை 1956 டிசம்பர் 30ஆம் தேதி இரவோடு நின்றது. மறு ஆண்டே அதைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பயணிகள் கைவிட்டதால் மூடிய பாதை அல்ல இது. அதன் தளம் அடிப்புறத்திலிருந்து அரித்துப்போனதுதான் காரணம்.

துறைமுகச் சாலையில் குதிரை வண்டிகளும் துறைமுகத்தின் சரக்கு ரயில்களும் நெருக்கியடித்த காலத்தில், ஆட்களை ஏற்றிச் செல்ல மேலே மட்டும்தான் இடம் மிச்சம் இருந்தது. டக்ளஸ் ஃபாக்ஸ், ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் என்ற இரு பொறியாளர்கள் பாதையை வடிவமைத்தார்கள். நீராவி என்ஜினை மேலே ஓட்டினால் கீழே இருக்கும் பஞ்சுப் பொதிகள் மீதும் மரத்தின் மீதும் தீப்பொறி விழும். அதனால் மின்சாரத்தைத் தேர்ந்தார்கள். உயர்த்தப்பட்ட பாதையில் மின்சார ரயில் ஓடியது உலகிலேயே அங்குதான் முதல் முறை. தனி என்ஜின் கிடையாது, பெட்டிகளிலேயே மோட்டார் இருந்தது. சிக்னல்களையும் ஓடும் ரயிலே தானாக மாற்றியது. 1890களுக்கு இது வியக்கத்தக்க சாதனை.

நெருப்பை விலக்கினால் மட்டும் போதவில்லை. எண்ணெயோ அழுக்கு நீரோ கீழே சொட்டக் கூடாது. எனவே தண்டவாளத்துக்கு அடியில் இடைவெளியே இல்லாத தளம் ஒன்றை அமைத்தார்கள். சுமார் 50 அடிக்கு ஒரு முறை தூண்கள், அவற்றின் மேல் தேனிரும்பு (கரி மிகக் குறைந்த இரும்பு) கர்டர்கள், அதாவது உத்தரங்கள், கர்டர்களுக்கு இடையே வளைந்த தேனிரும்புத் தகடுகள். எல்லாவற்றையும் ரிவெட் எனும் தறையாணி அடித்து இணைத்தார்கள். தகடு தட்டையாக இல்லாமல் வில்போல் வளைந்திருந்ததால், மெல்லியதாக இருந்தும் ரயிலின் எடையைத் தாங்கியது. மழை பெய்தால் கீழே நடப்பவர்கள் நனைய மாட்டார்கள். 'துறைமுகத் தொழிலாளர்களின் குடை' என்று ஊரார் அதைச் செல்லமாக அழைத்தார்கள்.

இந்தத் தளத்துக்கு நேர் கீழே துறைமுகத்தின் நீராவி என்ஜின்கள் பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது எரிந்து எழும் கந்தக டை ஆக்சைடு, குளிர்ந்த இரும்பில் படியும் நீராவியில் கரைந்து அமிலமாகிறது. அமிலம் இரும்பைத் தின்று இரும்பு சல்பேட்டை உண்டாக்குகிறது. அந்த சல்பேட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாக மாறும்போது அமிலம் மீண்டும் விடுபடுகிறது, அடுத்த இரும்பைத் தாக்கப் போகிறது. கொஞ்சம் கந்தகம் நிறைய இரும்பை அழிப்பது இப்படித்தான். மெர்சி கழிமுகத்தின் உப்புக்காற்றும் இந்த வேலையை விரைவுபடுத்தும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழை படும் இரும்பின் மேல் படிந்த அமிலத்தையும் உப்பையும் மழையே கழுவிவிடும். குடையின் உட்புறத்தில் மழை படுவதில்லை. கரியும் அமிலமும் அங்கேயே தங்கும். ரிவெட் இணைப்புகளின் இடுக்கில் புகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. அந்த இடுக்குக்குள் பெயின்ட் தூரிகை நுழையாது.

1950களின் நடுவில் நடந்த ஆய்வு, தளத் தகடுகளைச் சில ஆண்டுகளுக்குள் மாற்றியாக வேண்டும் என்றது. செலவு சுமார் 20 லட்சம் பவுண்டு. 1948இல் பிரிட்டனின் ரயில்வேக்கள் அரசுடைமை ஆனபோது இந்தப் பாதை தனியார் நிறுவனமாகவே விடப்பட்டிருந்தது. நிறுவனத்திடம் அவ்வளவு பணம் இல்லை. நகராட்சியும் துறைமுக வாரியமும் கைகொடுக்கவில்லை. ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லாமல் பியர் ஹெட் உட்பட உயரத்தில் நின்ற நிலையங்கள் எல்லாம் பழைய இரும்பாயின. பாதையின் ஒரே நிலத்தடி நிலையமான டிங்கிளின் சுரங்கம் எஞ்சியது. பழைய பெட்டி ஒன்று லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உயரப் பாதை என்றாலே இந்த முடிவுதான் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் சிகாகோவில் 1892இல் தொடங்கிய உயர்த்தப்பட்ட ரயில் இன்றும் ஓடுகிறது. அங்கே ஸ்லீப்பர் கட்டைகள் திறந்த கர்டர்கள் மீதே கிடக்கின்றன. தண்ணீர் இடைவெளி வழியே சாலையில் சொட்டுகிறது, சத்தம் காதைத் துளைக்கிறது. ஆனால் இரும்புக்குக் காற்றோட்டம் உண்டு, பழுதான கட்டையையும் உத்தரத்தையும் தனித்தனியே மாற்றலாம். லிவர்பூல் பொறியாளர்கள் தளத்தை மூடியதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை, கீழே இருந்த சரக்கைக் காக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மேலே மின்சாரத்தைக் கொண்டுவந்த ஊர், கீழே ஓடிய என்ஜின்களையும் சில பத்தாண்டுகள் முன்னதாகவே மாற்றியிருந்தால் அந்தத் தகடுகள் நெடுங்காலம் தாங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.