பாட்டியின் ஜெபப் புத்தகத்தை விலை பேசும் முன்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ஜவுளிக்கடைப் பைக்குள் அவருடைய பாட்டியின் ஜெபப் புத்தகம். "1578இல் அச்சான தம்பிரான் வணக்கமாம் அக்கா. ஒருத்தர் விலை பேசிட்டார். நீங்க பார்த்து ஒரு வார்த்தை சொன்னா கொடுத்துடுவேன்" என்றார்.

பழைய நூல்களைச் செப்பனிடுவது என் தொழில். கையில் வாங்கியதுமே அது தம்பிரான் வணக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது. தம்பிரான் வணக்கம், போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்டது; இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகிக் கிடைத்த முதல் நூல். அதற்கு 16 பக்கங்கள்தாம். அறியப்பட்ட பிரதி ஹார்வர்டில் இருக்கிறது. இதுவோ கைகொள்ளாத தடிமன். அந்தக் கால அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, குறில் நெடில் கொம்பு (கெ, கே) வேறுபாடும் கிடையாது. இதில் இரண்டும் இருந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். கந்தல் துணிக்கூழில் கையால் செய்த தாளில் தெரியும் கம்பி வரிகள் இல்லை. ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கின: மரக்கூழ்த் தாள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று சொன்னேன். தம்பியின் முகம் வாடிவிட்டது.

பின்னட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினேன். மங்கிய மையில் நான்கு தலைமுறை ஞானஸ்நானங்கள்: பெயர், நாள், ஞானத்தாய், ஞானத்தகப்பன். ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை, பதினோரு நாள் கழித்து ஒரு தேதி. இயேசு கற்பித்த ஜெபமான பரமண்டல மந்திரம் இருந்த பக்கத்தின் கீழ்முனை, விரல் பட்டுப் பட்டு மெழுகுபோல் வழவழத்திருந்தது.

விலை பேசியவர் "கிறுக்கல் இருக்கும் தாளைக் கிழித்துவிட்டுக் கொண்டுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். முன்தாளைத் தம்பி ஏற்கெனவே கிழித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

தயவுசெய்து எதையும் கிழிக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளுக்குள் இறங்கி எழுத்தையே மஞ்சளாக்கிவிடும், அதை எடுக்க எனக்கு நாள்கணக்காகும். யாரிடம் காட்டுவதானாலும் முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளையும், எழுபத்தைந்தாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள சுவடி, ஆவணங்களையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. கோவில் முத்திரையோ நூலக முத்திரையோ இருந்தால் விலை பேசவே கூடாது, உரிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் 2005இல் காணாமல் போன, தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு லண்டனில் இருப்பது 2022இல்தான் தெரியவந்தது.

தம்பி புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் கைபேசியில் ஒரு படம் வந்தது. கசங்கிய முன்தாள், பழைய பேப்பர்க் கட்டுக்குள் கிடைத்ததாம். "இஸ்திரி போட்டுக் கொண்டுவரவா அக்கா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி, சுருக்கத்தோடு அப்படியே கொண்டுவாங்க என்று எழுதினேன்.