ஃபேக்டரி போயாச்சு, அது ஊத்தினது போகல

ஃபேக்டரிய மூடி முப்பது வருஷம் ஆயிருக்கும், ஷெட்ட இடிச்சு புல்லு கூட முளைச்சிருக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அடியில எது எங்க கிடக்குதுங்கறது அந்தந்த கெமிக்கலோட குணத்த பொறுத்தது.

ஈயம் சோம்பேறி. களிமண்ணுலயும் மக்கிப்போன இலைதழையிலயும் ஒட்டிக்கிட்டு பெரும்பாலும் மேல்மண்ண விட்டு நகராது, அதனால அது நம்ம உடம்புக்குள்ள போறது புழுதி வழியா, மண்ணுல விளையாடுற பசங்க கை வழியா. குரோமியம் ரெண்டு வேஷம் போடும், எத்தன எலக்ட்ரான இழந்திருக்குங்கறத பொறுத்து: மூணாம் நிலையில மண்ணோட ஒட்டிக்கும், ஆறாம் நிலையில தண்ணியோட கெளம்பிடும், விஷமும் ஜாஸ்தி. பெட்ரோல், டீசல் நிலத்தடி தண்ணி மேல மிதக்கும், தேடுறது ஓரளவு ஈஸி.

பெரிய தலைவலின்னா என்னைக் கேட்டா ட்ரைகுளோரோஎத்திலீன்தான். மெஷின் பார்ட்ஸ்ல இருக்கற கிரீஸ கழுவுற திரவம். தண்ணிய விட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம், அதனால நிலத்தடி தண்ணிக்குள்ளயே முங்கி கீழ போயி களிமண் அடுக்கு தடுக்கற இடத்துல குட்டையா தேங்கிடும், அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா கரையும். அமெரிக்காவுல குடிதண்ணிக்கு இதோட லிமிட் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் திரவத்தோட எடை சுமார் 1,460 கிராம். வகுத்துப் பாருங்க, சுமார் 29 கோடி லிட்டர் தண்ணிய லிமிட் வரைக்கும் கெடுக்க அந்த ஒரு லிட்டரே போதும்!

சரி பம்ப் போட்டு இறைச்சிடலாமேன்னா, இறைப்பாங்க, வருஷக்கணக்கா இறைப்பாங்க, ரிப்போர்ட்ல அளவு குறையும், பம்ப நிறுத்தினா கொஞ்ச நாள்ல திரும்ப ஏறும். ஏன்னா இத்தன வருஷத்துல களிமண்ணுக்குள்ளயும் அது ஊறிப்போயிருக்கு, மணல் பக்கம் தண்ணி சுத்தமானதும் களிமண் உள்ள வாங்கினத மெதுவா வெளிய விட ஆரம்பிக்கும்.

அதனால இப்ப பல இடத்துல பாக்டீரியாவ வேலைக்கு விடுறாங்க. டீஹாலோகாக்காய்டிஸ்னு ஒண்ணு, ஆக்ஸிஜன் பட்டா அதுக்கு ஆகாது, நாம ஆக்ஸிஜன சுவாசிக்கற மாதிரி அது இந்த கெமிக்கல வெச்சு சுவாசிக்கும். குழாய் இறக்கி மொலாசஸோ (சர்க்கரை ஆலையில மிஞ்சற பாகு) தாவர எண்ணெயோ உள்ள விட்டா மத்த நுண்ணுயிரெல்லாம் அத தின்னு ஆக்ஸிஜன காலி பண்ணி ஹைட்ரஜனும் குடுக்கும், இது அந்த ஹைட்ரஜன வெச்சு ட்ரைகுளோரோஎத்திலீன்ல இருக்கற மூணு குளோரினையும் ஒண்ணொண்ணா கழட்டும். ரெண்டு கழண்டதும் கிடைக்கறது வினைல் குளோரைடு, அது உறுதியா தெரிஞ்ச கேன்சர் காரணி, அங்க வேலை நின்னுச்சுன்னா பழைய நிலைமையே தேவலன்னு ஆயிடும். அதான் கண்காணிப்பு கிணத்துல ட்ரைகுளோரோஎத்திலீன் குறைஞ்சிடுச்சான்னு மட்டும் பாக்காம, மூணும் கழண்டு கடைசியா வர்ற எத்திலீன் தெரியுதான்னும் பாக்கறாங்க.