ஜூகோகியோ: கனரகத் தொழில்

மோட்டார் சைக்கிளின் பெயராகவே நம்மில் பலருக்கு அறிமுகமான கவாசாகியின் முழுப் பெயர் ஜப்பானிய மொழியில் ‘கவாசாகி ஜூகோகியோ’ என்பதாகும். இதில் ‘ஜூ’ என்பது கனத்தையும், ‘கோகியோ’ என்பது பொருள்களை ஆக்கும் தொழிலையும் குறிக்கும். நெசவு போன்ற தொழில்களைச் சுட்டும் ‘கேகோகியோ’, அதாவது மென்தொழில், இதன் எதிர்ச்சொல். ஆகவே ஒரு தொழில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே இச்சொல் காட்டுகிறது. அத்தொழிலில் உருவாகும் ஒவ்வொரு பொருளும் கனமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

‘கவா’ என்றால் ஆறு, ‘சாகி’ என்றால் நிலமுனை. எனினும் நிறுவனத்துக்கு இப்பெயர் கனகாவா மாகாணத்திலுள்ள கவாசாகி நகரிலிருந்து வந்ததாகக் கருதுவது பிழை. இது நிறுவனர் கவாசாகி ஷோசோவின் குடும்பப் பெயர். ககோஷிமாவில் 1837-இல் பிறந்த அவர், 1878-இல் தோக்கியோவின் சுகிஜியில் கப்பல் கட்டும் தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் கோபே நகரம் தொழிலின் மையமாயிற்று. 1896-இல் அவரது கப்பல் கட்டும் தொழில் பங்கு நிறுவனமானபோது மத்சுகாதா கோஜிரோ முதல் தலைவரானார்.

அன்றைய பெயரில் ‘ஜூகோகியோ’ இல்லை. ‘கப்பல் கட்டும் தளம்’ என்றே இருந்தது. 1906-இல் ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும், 1918 வாக்கில் விமானங்களும் எனத் தொழில் கிளைவிட்டுப் பரவிய பிறகு பழைய பெயர் போதாமற் போனது. 1939-இல் ஏற்ற புதிய பெயர்தான் கவாசாகி ஜூகோகியோ. மித்சுபிஷியின் கப்பல் கட்டும் நிறுவனம் 1934-இலேயே இவ்வாறு பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லின் வரவே ஒரு நாட்டுத் தொழில்துறையின் திசைமாற்றத்தைக் காட்டுவது எனக்கு வியப்பளிக்கிறது.

மோட்டார் சைக்கிள் இக்கதையில் பிற்பாடு நுழைந்தது. விமானப் பிரிவின் எஞ்சின் அறிவே அதற்கு வித்து. 1964-இல் மெகுரோ என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைக் கவாசாகி தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1972-இல் 903 சி.சி. எஞ்சினுடன் ‘இசட் 1’ என்ற மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 2021-இல் இப்பிரிவு கவாசாகி மோட்டார்ஸ் என்ற தனி நிறுவனமாயிற்று.

தமிழில் ‘கனரகத் தொழில்’ என்பது வழக்கில் நிலைத்துவிட்டது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை எல்லோரும் அறிந்ததே. ஆயினும் இதிலுள்ள ‘ரகம்’ அரபு வழி வந்த சொல். சிலர் எழுதும் ‘பெருந்தொழில்’ பொருளை மயக்குகிறது, ஏனெனில் அது அளவைக் குறிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நூற்பாலையும் பெருந்தொழில்தான், ஆனால் கனரகத் தொழில் ஆகாது. பாரத மிகுமின் நிலையம் (பெல்) என்ற பெயரில் ‘மிகு’ அழகாக அமைந்தது, ஆனால் அது மின்னோடு சேர்ந்தே பொருள் தருகிறது. தனித்தமிழ் வேண்டுவோர், பளுதூக்குதலை ஒட்டிப் ‘பளுத்தொழில்’ என எழுதலாம் என்பது என் கருத்து.

நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரான ‘கவாசாகி ஹெவி இண்டஸ்ட்ரீஸ்’ என்பதிலுள்ள ‘இண்டஸ்ட்ரீஸ்’ என்ற சொல்லைப் பார்த்துத் ‘தொழில்கள்’ என்று பன்மையாக்கவும் தேவையில்லை. ஜப்பானிய மூலத்தில் பன்மை விகுதி இல்லை. தமிழிலும் ‘தொழில்’ என்பதே தொகுதிப்பொருளைத் தரும். நிறுவனத்தைச் சுட்டும்போது ‘கவாசாகி கனரகத் தொழிலகம்’ என்று எழுதினால் பொருள் தெளிவாக இருக்கும்.