கான்ஃபிகரேஷன்: கட்டமைப்பும் அல்ல, உள்ளமைவும் அல்ல

"நூலகத்தைப் பயன்படுத்துவதற்கு முன் அதைக் கட்டமைக்கவும்." மென்பொருள் உதவிப் பக்கங்களின் தமிழாக்கத்தில் இந்த வாக்கியம், அல்லது இதற்கு அண்ணன் தம்பியாக ஒன்று, திரும்பிய பக்கமெல்லாம் வருகிறது. நூலகம் என்பது இங்கே மற்ற செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு. படிப்பவர் என்ன நினைப்பார்? மூல நிரலை இறக்கி, கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி), நூலகத்தை உருவாக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். சொல்ல வந்ததோ, ஏற்கெனவே உருவாகி முடிந்த நூலகத்தில் நாலு அமைப்புகளைத் தேவைக்கேற்ப மாற்று என்பது. கான்ஃபிகர் என்பதற்குக் 'கட்டமை' என்று போட்டதால் வந்த குழப்பம் இது.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'ஃபிகூரா' என்றால் வடிவம், 'கோன்' என்ற முன்னொட்டு சேர்ந்திருப்பதைக் காட்டும். பல பகுதிகள் சேர்ந்து நிற்கும் நிலையில் கிடைக்கும் வடிவமே கான்ஃபிகரேஷன். கோள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையைச் சொல்லவும், அணுவில் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் விதத்தைச் சொல்லவும் பயன்பட்ட சொல் கணினிக்கும் வந்தது. பள்ளி வேதியியலில் 'எலக்ட்ரான் அமைப்பு' என்று படித்தோமே, அது இதுதான்.

இப்போது 'கட்டமைப்பு'க்கு வருவோம். தமிழில் 'கட்டு' என்று தொடங்கினாலே, இல்லாத ஒன்றை எழுப்புவது என்று மனம் எடுத்துக்கொள்ளும். சாலையும் பாலமும் உள்கட்டமைப்பு. வாக்கியத்துக்கும் கட்டமைப்பு உண்டு, கட்சிக்கும் உண்டு. இந்த இடங்களில் அது நல்ல சொல். ஆனால் வீணையைச் செய்வது வேறு, சுருதி சேர்ப்பது வேறு. கான்ஃபிகர் செய்வது சுருதி சேர்க்கும் வேலை.

இது வெறும் சொல் ரசனை அல்ல, வேலையே கெடுகிறது. எஸ்கியூலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்டு ஹிப் 2000-இல் வெளியிட்ட தரவுத்தள நூலகம், இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உள்ளே இருப்பது. இதில் ஃபாரின் கீ என்றொரு வசதி உண்டு. ஆர்டர் அட்டவணையில் ஒரு வாடிக்கையாளர் எண்ணைப் போட்டால், அந்த எண் வாடிக்கையாளர் அட்டவணையில் நிஜமாகவே இருக்கிறதா என்று நூலகமே பார்க்கும். 2009-இல் வந்த 3.6.19 பதிப்புக்கு முன்பு வரை, ஃபாரின் கீ எழுதினால் படித்துக்கொள்ளும், ஆனால் கண்டிக்காது. கண்டிப்பைத் திடீரென்று எல்லோர் மேலும் ஏற்றினால் பழைய செயலிகள் உடைந்துபோகும் என்பதால், புதிய வசதியை அணைத்தே கொடுத்தார்கள். இன்றும் இயல்பாக அணைந்தே இருக்கிறது. வேண்டுமானால் தரவுத்தளத்தோடு ஒவ்வொரு இணைப்பையும் திறந்ததும் 'பிராக்மா ஃபாரின் கீஸ் ஆன்' என்று சொல்ல வேண்டும். பிராக்மா என்பது எஸ்கியூலைட்டின் அமைப்புகளை மாற்றும் கட்டளை. டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் மாற்றங்களின் தொகுதி) நடுவில் சொன்னால் அது எடுபடாது. பிராக்மாவின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் பிழைச்செய்திகூட வராது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இது கான்ஃபிகர் செய்தல். இதே நூலகத்தைக் கம்பைல் செய்யும்போதே ஃபாரின் கீ பகுதியை அடியோடு விட்டுவிடவும் ஒரு வழி இருக்கிறது. அப்படி உருவான நூலகத்தில் அந்த பிராக்மாவை எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை, ஏனென்றால் இயக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. அது பில்ட் செய்தல், அதாவது நூலகத்தையே உருவாக்குதல். த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகளை) கையாளும் முறையை இன்னும் நுணுக்கமாக மூன்று கட்டங்களில் தேர்ந்தெடுக்கலாம்: கம்பைல் செய்யும்போது, நூலகம் துவங்கும்போது, ஓடும்போது. கம்பைல் செய்யும்போதே ஒற்றை த்ரெட் என்று முடிவு செய்துவிட்டால் பிறகு எந்த அமைப்பாலும் அதை மாற்ற முடியாது. இத்தனைக்கும் சேர்த்துக் 'கட்டமை' என்று ஒரே சொல்லை எழுதினால், எதைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும், எதை ஒரு வரியில் மாற்றிவிடலாம் என்று படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? பில்ட் என்பதற்கும் கட்டமை என்றே எழுதும் பக்கங்கள் இருக்கின்றன. இரண்டு சொல்லும் ஒரே பத்தியில் வந்தால் கதை முடிந்தது.

சரி, கட்டமைப்பு வேண்டாம் என்றால் 'உள்ளமைவு' இருக்கிறதே என்பார்கள். இன்றைக்குச் செல்வாக்குள்ள போட்டிச் சொல் இதுதான். எனக்கு இதன் மேல்தான் அதிக வருத்தம், ஏனென்றால் பார்க்க அழகாக இருந்துகொண்டு நேர் எதிர்ப் பொருளைத் தருகிறது. 'உள்' என்றால் உள்ளே. 'உள்ளமைந்த' என்றால் தயாரிக்கும்போதே உள்ளே வைத்தது. நிரல்மொழியோடு வரும் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) உள்ளமைந்த செயற்கூறுகள் என்றுதான் எழுதுகிறோம், அது சரியாகவும் இருக்கிறது. கான்ஃபிகரேஷனோ நூலகத்தை எழுதியவர் உள்ளே வைத்தது இல்லை, பயன்படுத்துபவர் வெளியிலிருந்து சொல்வது. ஒரு கோப்பில் எழுதுவோம், சூழல் மாறியில் வைப்போம், நிரலின் முதல் சில வரிகளில் அழைப்போம். எல்லாமே வெளியே. கண்ணுக்குத் தெரியாத உள்விவகாரம், நாம் கை வைக்கக் கூடாது என்ற எண்ணத்தைத்தான் உள்ளமைவு உண்டாக்குகிறது. கை வைக்கத்தானே அந்த வசதியே!

'தகவமைவு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உயிரியலில் ஊன்றிவிட்ட சொல். பாலைவனச் செடி சூழலுக்குத் தானே தகவமையும். மென்பொருள் தானாக எதற்கும் தகவமைவதில்லை, ஒருவர் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எது சரி? தமிழ் இலக்கணமே ஒரு வழி வைத்திருக்கிறது. 'அமை' தன்வினையும் ஆகும், பிறவினையும் ஆகும். தானாக அமைந்தது, ஒருவர் அமைத்தது. நாம் தொடாதபோது எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ அணைந்திருப்பது அமைந்தது. பிராக்மா எழுதி இயக்கியது நாம் அமைத்தது. டீஃபால்ட்டுக்கும் செட்டிங்குக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒற்று மாற்றத்திலேயே நிற்கிறது. ஆகவே தனித்தனி செட்டிங் 'அமைப்பு'. கைப்பேசியில் 'அமைப்புகள்' என்று தொட்டுத் தொட்டு எல்லோருக்கும் பழகிவிட்டது, அதைக் குலைக்க வேண்டாம். எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரு நேரத்தில் கொள்ளும் முழு நிலைக்கு 'அமைவடிவம்'. புதிதாக நான் கட்டிய சொல் அல்ல, ஏற்கெனவே புழங்குவதுதான். லத்தீன் வேரில் இருக்கும் வடிவமும் இதில் அப்படியே கிடைக்கிறது. கூட்டுச் சொல்லில் நீளம் தட்டினால் 'அமைவுக் கோப்பு' என்று சுருக்கலாம். வினைக்கு வெறும் 'அமை' போதும்: "ஃபாரின் கீ சோதனையை இயங்கும்படி அமைக்கவும்." எதை, எப்படி என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது. "கட்டமைக்கவும்" என்று மொட்டையாக விடத் தேவையில்லை.

ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சொல்லும் கம்பேட்டிபிலிட்டியின் பாடு இதைவிட மோசம். 'இணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல் கையில் இருக்க, 'பொருந்தக்கூடிய தன்மை' என்று வளர்க்கிறார்கள். பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டிக்குப் பழைய பதிப்போடு இணக்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பின்தங்கிய இணக்கத்தன்மை' என்று அச்சாகிறது. பின்தங்கிய என்றால் முன்னேறாத என்று தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும். எந்திரம் மொழிபெயர்த்ததை ஒரு தமிழர் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. படிக்காமலே ஒப்புதல் கொடுப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

பழையதோடு இணக்கம் என்ற கருத்து எவ்வளவு கனமானது என்று தெரிந்தால் இப்படி எழுத மனம் வராது. எஸ்கியூலைட் உருவான காலத்தில் பரவலாக இருந்த மைஎஸ்கியூஎல் 3 என்ற தரவுத்தளத்தோடு இணங்க வேண்டும் என்பதற்காக, இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது எந்த நெடுவரிசையின் பெயரோடும் பொருந்தாவிட்டால் அதை வெறும் எழுத்துச்சரமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டார்கள். விளைவு, நெடுவரிசைப் பெயரைத் தப்பாக அடித்தாலும் பிழை வராது, தப்பான விடை வரும். 2019-இல் வந்த 3.29.0 பதிப்பில்தான் இதை அணைக்க ஓர் அமைப்பு கிடைத்தது. அதையும் இயல்பாக அணைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பழக்கத்தை நம்பி எத்தனையோ செயலிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதை விளக்கும் தமிழ்ப் பக்கத்தில் "பின்தங்கிய இணக்கத்தன்மைக்காக உள்ளமைவைக் கட்டமைக்கவும்" என்று இருந்தால் யாருக்கு என்ன விளங்கும்? "பழைய செயலிகள் உடையாதிருக்க இந்த அமைப்பு இயல்பாக இயங்கும் நிலையில் இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் அணைத்துவிடுங்கள்" என்று எழுதினால் போயிற்று.

தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனாலும் 'கான்ஃபிக் ஃபைல்' என்று சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சொல்வது அவருக்கும் புரிகிறது, கேட்பவருக்கும் புரிகிறது. தமிழ் எழுத்தில் இருந்துகொண்டு தப்பான இடத்துக்கு அனுப்பும் சொல்லோடுதான் சண்டை. அமைவடிவம் வாயில் வரும் வரை கான்ஃபிக் என்றே எழுதுங்கள், கட்டமைப்பு என்று மட்டும் எழுதாதீர்கள்.