குளிர் நடுக்கத்தோடு வரும் காமாலைக்குக் காத்திருக்காதீர்கள்

காமாலை என்றால் நம் ஊரில் கீழாநெல்லியும் மோர்ச் சோறும்தான். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்விலேயே தணிந்துவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலை அப்படித் தணியாது. அதோடு உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பித்தப்பையில் இருக்கும் கல் நழுவி நாளத்தில் சிக்கினால் பித்தம் தேங்கும், அதில் கிருமி பெருகும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, கிருமியும் அதன் நச்சும் ரத்தத்துக்குள் தள்ளப்படும். இதுதான் பித்தநாள அழற்சி. ஆன்டிபயாடிக் உடனே தொடங்கவேண்டும்தான். ஆனால் அடைப்பு இருக்கும்வரை மருந்து பித்தத்துக்குள் போதிய அளவு போய்ச் சேராது. சீழை வெளியேற்றியே ஆக வேண்டும்.

வலது விலாவுக்குக் கீழே வலி, நடுக்கத்துடன் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் ஆகிய மூன்றையும் 1877-லேயே பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ சேர்த்துச் சொன்னார். எல்லோருக்கும் மூன்றும் வருவதில்லை. வயதானவர்களிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். வலியே இல்லாமல், "அப்பா நேத்துலேருந்து ஏதோ மாத்திமாத்திப் பேசுறாரு" என்று மட்டும் சொல்லி அழைத்து வருவார்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்தால் இறங்கியிருக்கும். இந்த நிலையில் 12 மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள்.

அதற்குத்தான் ஈஆர்சிபி. வாய்வழியே எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல்வரை செலுத்தி, அங்கே பித்தநாளம் திறக்கும் வாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே உதவியோடு அடைப்பைத் தாண்டுகிறோம். ஒருகாலத்தில் இதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. ஹாங்காங்கில் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில், கடுமையான பித்தநாள அழற்சிக்கு அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள். எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களில் 10 சதவீதம்.

வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்பது, "கல்லை எடுத்தாச்சா டாக்டர்?" உயிருக்குப் போராடுபவரிடம் கல்லைத் தேடி நேரத்தைச் செலவிடக் கூடாது. நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்து, சீழும் பித்தமும் வடிந்தால் அன்றைக்கு அதுவே போதும். உடல் தேறியபிறகு கல்லை நிதானமாக எடுக்கலாம். இதை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கணைய அழற்சியில் கணக்கு மாறும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி அது. கல் காரணமாக வந்திருந்தாலும் எல்லோருக்கும் அவசர ஈஆர்சிபி தேவையில்லை. பித்தநாளத் தொற்று இல்லாதவர்களுக்கு அவசரமாகச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை என்று 2020-ல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. இந்தச் சிகிச்சையே சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. அதைக் குறைக்கத்தான் ஆசனவாயில் டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதசின் மருந்து வைக்கிறோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஸ்டென்ட். காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கியதும் பலர் அதை மறந்தே போகிறார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும்; விட்டுவைத்தால் அதுவே அடைபட்டு மறுபடி சீழ் பிடிக்கும். பித்தப்பையில் கல் இருந்தால் பித்தப்பையையும் அகற்ற வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த இரண்டுக்கும் தேதி எழுதித் தரச்சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.