ஷாக் அப்சார்பர் வண்டியைத் தூக்காது

இந்த வாரம் பட்டறைக்கு ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வந்தது. அடிச்சட்டமான சேசிஸில் பின்பக்க ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வெல்டிங்கோடு பிய்ந்து தொங்கியது. மாட்டியிருந்த ஷாக் புத்தம்புதுசு. கிடைத்ததிலேயே மிகக் கடினமான ரகம். ஏன் இதை வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வண்டி பின்னாடி உட்கார்ந்துடுச்சு, கொஞ்சம் தூக்கிக் காட்டும்னு போட்டேன்" என்றார் உரிமையாளர். இதே பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்று. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைச் சுமப்பதில்லை. சுமப்பது ஸ்பிரிங். இரும்புப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கோ, காயில் ஸ்பிரிங்கோ, முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரோ, வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. தானாக மூடிக்கொள்ளும் கதவைப் பாருங்கள். கதவின் எடையைத் தாங்குவது கீல். அது அறையாமல் மெதுவாக மூடவைப்பது மேலே இருக்கும் ஹைட்ராலிக் குளோசர். கீல் தளர்ந்து கதவு தரையில் உரசினால் யாரும் குளோசரை மாற்றுவதில்லை. வண்டி தாழ்ந்தால் மட்டும் எல்லோரும் ஷாக் வாங்க ஓடுகிறார்கள்.

"கேஸ் ஷாக் தூக்குமே?" என்று உடனே கேட்பார்கள். சரி, கணக்கே போட்டுவிடுவோம். ஆயிலும் வாயுவும் ஒரே குழாயில் இருக்கும் மோனோட்யூப் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் 25 பார் என்று வைத்துக்கொள்வோம். அது பிஸ்டன் தண்டான ராடை வெளியே தள்ளுவது ராடின் குறுக்குப் பரப்பளவுக்கு மட்டும்தான். 14 மில்லிமீட்டர் ராடு என்றால் பரப்பு சுமார் 1.5 சதுர சென்டிமீட்டர். தள்ளுவிசை 40 கிலோவைத் தொடாது. குழாய்க்குள் குழாய் வைத்த ட்வின் ட்யூபில் கேஸ் அழுத்தம் இதைவிட மிகக் குறைவு, விசையும் அதற்கேற்பக் குறையும். பின் ஆக்சிலில் நூற்றுக்கணக்கான கிலோவைச் சுமந்து களைத்துப்போன பட்டையை இந்த விசை நிமிர்த்திவிடாது. காயில் ஸ்பிரிங்கை உடம்பில் சுமக்கும் ஸ்ட்ரட், காற்றுப் பை வைத்த ஷாக் இவை வேறு ரகம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அவை கிடையாது. காற்றுப் பை ஷாக்கை எடை சுமக்காத பிராக்கெட்டில் மாட்டினால் அந்த பிராக்கெட்டும் ஒருநாள் பிய்யும்.

கடினமான ஷாக் உண்மையில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். அமுங்கும் திசையில் அளவுக்கு மீறி எதிர்த்தால், கல்லில் ஏறும் சக்கரத்தின் அடி ஸ்பிரிங்குக்குப் போகாமல் ஷாக் வழியாக நேரே பிராக்கெட்டைத் தாக்குகிறது. சேசிஸ் துருவேறிய பழைய வண்டியாக இருந்தால் விரிசல் எங்கே தொடங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விரியும் திசையில் அதிகமாக எதிர்த்தால் இன்னும் மோசம். வரிவரியான மண்சாலையில் ஒரு மேட்டைத் தாண்டிய சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சிக்கிக்கொள்ள, வண்டி தாழ்ந்துகொண்டே போய், ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். உயர்த்துவதற்காகப் போட்ட ஷாக், ஓட்டத்தில் வண்டியை இறக்கிவிடுகிறது.

ஆகவே முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி இரண்டு பக்க உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். பட்டையில் முறிவு, தேய்ந்த ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைப்பது) புஷ், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டின் தளர்ச்சி, எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் ஷாக்கைப் பற்றிப் பேச வேண்டும். பம்பரை அமுக்கிப் பார்க்கும் சோதனையை பட்டை வண்டியில் நம்பாதீர்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஒரு தடையாக இருப்பதால், ஷாக் செத்துப்போயிருந்தாலும் வண்டி ஒரே ஆட்டத்தில் நின்றுவிடும். துருப்பிடித்த பட்டையில் இது இன்னும் அதிகம். பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதுசு போட்டதும் "ஷாக் போய்விட்டது" என்று வருகிறவர்கள் உண்டு. ஷாக் முன்பே போயிருக்கும். அதை மறைத்து வைத்திருந்தது துரு.

அடுத்தது நீளம். வண்டியின் மாடலையும் வருடத்தையும் மட்டும் சொல்லி ஷாக் வாங்காதீர்கள். பழைய வண்டி எத்தனையோ கை மாறியிருக்கும். யார் எந்த ஸ்பிரிங்கை, எந்த ஷேக்கிளைப் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியையே அளந்து பாருங்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு, சேசிஸை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, ஆக்சிலை மெதுவாகத் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். அந்த நிலையில் மேல் பிடிப்புக்கும் கீழ் பிடிப்புக்கும் இடையே உள்ள தூரம் ஒரு அளவு. அப்புறம் ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் முழுதாக அமுங்கும்போது உள்ள தூரம் இன்னொரு அளவு. மூடிய ஷாக்கின் நீளம் இந்த இரண்டாவது அளவைவிடக் குறைந்தது 20 மில்லிமீட்டராவது குட்டையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடியை வாங்க வேண்டியது பம்ப் ஸ்டாப் ரப்பர், ஷாக்கின் உள்வால்வு அல்ல. உயர்த்திய வண்டிக்கு நீளமான ஷாக் வாங்குகிறவர்கள் தவறுவது இங்கேதான். விரியும் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். நீளமான ஷாக் மூடினாலும் நீளமாகத்தான் இருக்கும். அதற்கு ஏற்ப பம்ப் ஸ்டாப்பையும் கீழே இறக்க வேண்டும்.

சாய்வையும் கவனியுங்கள். நேராக நிற்கும் ஷாக் தரும் அடக்கத்தில் பாதிதான், 45 டிகிரி சாய்ந்த அதே ஷாக்கிலிருந்து சக்கரத்துக்குக் கிடைக்கும். இடமில்லை என்று பிராக்கெட்டை நகர்த்தி வெல்டிங் செய்கிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

ட்வின் ட்யூபா, மோனோட்யூபா? மோனோட்யூப் சூட்டை வேகமாக வெளியேற்றும், நீண்ட கரடுமுரடான ஓட்டத்தில் தளராது. ஆனால் கல் பட்டு வெளிச்சுவர் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். ட்வின் ட்யூபில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் தப்பிக்க வாய்ப்பு உண்டு. நிதானமாகப் பாறையிலும் சேற்றிலும் போகும் பழைய வண்டிக்கு நல்ல ட்வின் ட்யூபே போதும் என்பது என் கருத்து. வாங்கும்போது வண்டியின் உண்மையான எடையைச் சொல்லுங்கள். வின்ச், இரும்பு பம்பர், மேல் கேரியர் எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் முன், பின் ஆக்சிலைத் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். யூகத்தில் சொல்லும் எடை அநேகமாகக் குறைவாகவே இருக்கும்.

ஸ்டியரிங் உதறுகிறது என்று ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்குக்கு மாட்டும் ஷாக்) கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் தேய்ந்த பேரிங், டை ராடு எண்டு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ் இவற்றைப் பார்க்காமல் டேம்பரை மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச காலம் மறையும். திரும்ப வரும்போது நீங்கள் வேகத்தில் இருப்பீர்கள்.

மாட்டும்போது, ஒரு ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ட்வின் ட்யூபை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். ராடு சுற்றுகிறது என்று அதை பிளையரால் பிடிக்காதீர்கள். அந்தக் கீறல், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் ரப்பரை அறுத்துவிடும். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்குங்கள், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு கிழியும். தயவுசெய்து, கேஸ் ஷாக்கில் ஓட்டை போட்டு ஆயில் ஏற்றவோ அதைச் சூடாக்கவோ செய்யாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது, கண்ணும் கையும் உங்களுடையது.

முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பிறகு வண்டியை நிறுத்தி, நான்கு ஷாக்கின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தோலைச் சுடும், தொட்டுவிடாதீர்கள். ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. அதைக் கழற்றி, வாங்கிய இடத்துக்கே கொண்டுபோங்கள்.